ஒன்பதாம் மாடித் தேத்தண்ணி

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளைத் தனியாக நின்று வளர்த்தேன். கடைசிப் பிள்ளை தவழ்கிற காலத்தில் இவர்களின் தகப்பன் போய்விட்டார். ஆறு பேரில் ஒருவரும் பிறத்தியார் வாசலில் போய் நின்றதில்லை. நிற்க நான் விடவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். கிரவீனில் மகள் வீட்டில் எனக்குக் காலைப்பொழுதுக்குக் குறைவில்லை. அவசரமும் இல்லை.

ஹொங்கொங்கில் நான் பன்னிரண்டு நாள் தங்கியதை என் பிள்ளைகள் சிரிப்புக் கதையாகத்தான் அறிவார்கள். அம்மா பிளேனில் போய்ச் சீனக் கடற்கரைப் பட்டினத்தில் ஒரு மலிவான ஹோட்டலில் இருந்தவ, அறையில் இடமில்லாமல் கதவைத் திறப்பதற்குப் பெட்டியைத் தூக்கிக் கட்டிலில் வைத்தவ என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பெட்டிக்குள் கூறைச்சேலை இருந்தது. அது போனபடியே திரும்பி வந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் பொய்.

எழுபத்தேழாம் ஆண்டு. மூத்தவன் சிட்னியில் எஞ்சினியராக இருந்தான். என்னை அழைத்து இரண்டு வருடம். ஹோம்புஷில் ரயில் பாதையோரமாக ஒரு ஃபிளட்டில் இருந்தோம். அந்த நாளில் சிட்னியில் எங்கள் ஆக்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கறித்தூள் ஊரிலிருந்து பார்சலில் வரும். பெண்ணும் அப்படித்தான் வர வேண்டும்.

தரகர் படமும் சாதகமும் அனுப்பியிருந்தார். பெண்ணுக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலிசு படிப்பிக்கிறவள். தாய் இல்லை. தகப்பன் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்தவர். நல்ல ஆக்கள் என்று தரகர் எழுதியிருந்தார். ஊரின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசம். அது என் தாயின் ஊர். ஒன்பது வயது வரை நான் அங்கே வளர்ந்தேன். பிறகு அங்கே எங்களுக்கு வீடு வாசல் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. சாதகமும் பொருந்தியது. நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அந்த வருடம் நாட்டில் கலவரம். ஊரில் கல்யாணம் வைக்க இரண்டு பக்கமும் பயம். மகனுக்கு ஊருக்குப் போக லீவும் இல்லை. ஆனால் அவனுடைய கொம்பனி அவனை மூன்று கிழமைக்கு ஹொங்கொங் கப்பல் பட்டறைக்கு அனுப்புவதாக இருந்தது. பெண்ணின் தகப்பன் அதைக் கேள்விப்பட்டு, நான் அங்கே கொண்டுவந்து கைப்பிடித்துக் கொடுக்கிறேன் என்று எழுதினார். சிந்திக்காரர் வைத்திருக்கும் கோயில் ஒன்று அங்கே உண்டு. பத்தாம் நாள் அங்கே தாலி கட்டி, கல்யாணத்தைப் பதிந்து எழுத்தும் எழுதி, பெண்ணைச் சிட்னிக்கு அழைப்பதாக ஏற்பாடு. ஊரில் அந்தப் பெண்ணை மாலை போட்டு, வெளிநாட்டுக் கல்யாணம் என்று சொல்லி வழியனுப்பி வைத்திருக்கிறார்கள். கல்யாணம் முடியாமல் அவள் திரும்பிப் போக வழியில்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

மகனைப் பட்டறைக்காரர்கள் தங்கள் விடுதியில் வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கவுலூன் பக்கத்தில் அறை எடுத்தான். ஒரு பழைய கட்டடம். கீழே தையற்கடைகள், நடுவில் குடித்தனங்கள், ஒன்பதாம் மாடி ஹோட்டல். நீண்ட நடையின் இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு குளியலறை. என் அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, தங்கமீன் படம் போட்ட ஒரு எனாமல் பேசின். யன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு மூங்கிலில் காயும் உடுப்புக் கைக்கெட்டும். கூரைகளை உரசுகிற மாதிரிப் பிளேன் இறங்கும்போது பேசினில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். கருவாட்டு மணம் எந்நேரமும். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த மணம்.

நடையின் வாசலில் ஒரு சீன மனுசி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். காதளவு வெட்டிய தலைமயிர், கறுப்புக் காற்சட்டை, இடுப்பில் அறைக் கதவுகளின் திறப்புக் கோர்வை. காலையில் அறைக்கு ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். பைப்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று கையால் சொல்லித் தந்தாள். என் சேலைக் கொய்யக மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணிப் பார்ப்பாள். எனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டாள். ஆறு விரல் காட்டினேன். அவள் நான்கு விரல் காட்டி, பிறகு ஒன்றை மடக்கினாள்.

பெண்ணும் தகப்பனும் எதிர் அறையில் இருந்தார்கள். நாங்கள் போய் இறங்கிய பின்னேரம் மகன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். தகப்பன் எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தார்.

"வாங்கோ சம்மந்தியம்மா. சிட்னியில இருந்து வந்து இந்தப் புறாக்கூட்டுக்குள்ள அடைபட்டுப் போனீங்கள்."

"சம்மந்தம் முடியட்டும் ஐயா. பிறகு அப்பிடிக் கூப்பிடுங்கோ."

"இன்னும் ஒம்பது நாள்தானே. இப்பவே வாயைப் பழக்கிறன்."

பெண் படத்தில் இருந்ததைவிட நிறம் குறைவு, உயரம் கூட. கண்ணைப் பார்த்துக் கதைத்தாள். மகன் அவளைப் பார்த்ததும் என்னைப் பார்த்தான். பிடித்துவிட்டது என்று தெரிந்தது. எனக்கும் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சும்மா கதைக்கு, "ஊரில எவடம் நீங்கள்?" என்று கேட்டேன்.

"கோயிலடிதான். தேர்முட்டிக்குப் பின்னால போற ஒழுங்கை."

எங்கள் பக்கத்தில் இடம் கேட்டால் வீட்டு இலக்கம் சொல்ல மாட்டோம். கோயிலைச் சொல்வோம், குளத்தைச் சொல்வோம். கேட்டவர் மிச்சத்தை விளங்கிக்கொள்வார். தேர் நிற்கிற தேர்முட்டி அந்தக் கோயிலுக்குத் தெற்குப் பக்கம். அதற்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் யார் இருந்தார்கள் என்று ஒன்பது வயதுப் பிள்ளையாக எனக்குத் தெரியும். அந்த ஒழுங்கையில் விளையாடப் போனதற்கு என் அம்மம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றியிருக்கிறா. அவர்கள் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று வேலை செய்வார்கள். அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணி வென்னி குடிப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். தேயிலை, சீனி, மாப்பால் எல்லாம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு எவர்சில்வர் பேணியும் கொண்டுவந்திருந்தாள். பிளாஸ்க் தண்ணீரில் போட்டு, ஆற்றி, நுரையோடு நீட்டினாள். நான் வாங்கினேன். பேணி சுட்டது. வாய்க்குக் கொண்டு போகவில்லை. யன்னல் விளிம்பில் வைத்தேன்.

"வழியில குடிச்சுப்போட்டன் பிள்ளை."

"பரவாயில்லை மாமி," என்றாள்.

எங்களுக்குள் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தால் அந்த வீட்டை ஏற்றுக்கொண்டது. குடிக்காமல் எழும்பினால் ஏற்றுக்கொள்ளவில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவளுக்கும் தெரியும்.

அறைக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் கோபப்பட்டான். "இந்தக் காலத்தில என்னம்மா இது. சிட்னியில ஆர் கேக்கப் போகினம்?" என்றான். "நான் கேப்பன்," என்றேன். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் என் தம்பிக்குத் தந்தி அடித்து விசாரிக்க வேண்டும், மறுமொழி வரும்வரை ஒன்றும் முடிவில்லை என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. என் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. அப்படித்தான் நான் வளர்த்திருந்தேன்.

அடுத்த நாள் காலையில் தந்தி அடிக்கப் போக வேண்டும். எனக்கு இங்கிலிசு தெரியாது. பின்னேரம் மகன் வரும்வரை பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை. எதிர் அறைக் கதவைத் தட்டினேன்.

"பிள்ளை, ஊருக்கு ஒரு தந்தி அடிக்கோணும். வாறியோ?"

"ஓம் மாமி. சேலையை மாத்திக்கொண்டு வாறன்."

வழியெல்லாம் என் கையைப் பிடித்துத் தெருவைக் கடத்தினாள். மேலே காயும் உடுப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியபோது குடையை என் பக்கம் சரித்துப் பிடித்தாள். தந்திக் கந்தோரில் உயரமான மேசை ஒன்றின் முன்னால் நின்று படிவத்தை எடுத்துப் பேனையைத் திறந்தாள்.

"சொல்லுங்கோ மாமி."

முதலில் தம்பியின் விலாசத்தைச் சொன்னேன். எழுதினாள். பிறகு அவளுடைய தகப்பனின் பெயரைச் சொன்னேன். எழுதினாள். பிறகு சொன்னேன், "தேர்முட்டிக்குப் பின்னால இருக்கிறவை. என்ன பகுதி எண்டு விசாரி. கலியாணம் நிக்குது. உடன மறுமொழி அடி."

பேனை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, படிவத்தைத்தான் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் எச்சில் தொட்டு முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மூன்று முத்திரை ஒட்டி முடிக்கும்வரை அவள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுதினாள். நல்ல வடிவான எழுத்து. எழுதிவிட்டு எனக்கு மெதுவாகத் தமிழில் வாசித்துக் காட்டினாள், நான் சொன்னது ஒன்றும் விடுபடாமல்.

"வேற ஏதும் எழுதோணுமோ மாமி?"

"காணும்."

அவளை அழைத்துப் போனது இங்கிலிசு தெரியாததால் மட்டுமல்ல. கேள்வியை எழுதும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். குற்றமுள்ளவளென்றால் தடுமாறுவாள் என்று என் எண்ணம். அவள் தடுமாறவில்லை. அதையும் நான் அவளுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போதும் கையைப் பிடித்துத்தான் தெருவைக் கடத்தினாள்.

அதற்குப் பிறகும் அவள் தினமும் காலையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஏன் கொண்டுவந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதவைத் தட்டி, யன்னல் விளிம்பில் வைத்து, "மாமி, தேத்தண்ணி," என்று சொல்லிவிட்டுப் போவாள். நான் தொட மாட்டேன். ஆறி, மேலே ஆடை படர்ந்துபோகும். மத்தியானம் வந்து பேணியை எடுத்துக்கொண்டு போவாள்.

அதே காலையில் சீன மனுசி மூடி போட்ட கோப்பையில் தன்னுடைய வெளிறிய தேத்தண்ணியைத் தருவாள். சீனி இல்லை, பால் இல்லை, புல்லுத் தண்ணீர் மாதிரி. நான் நடையில் போடப்பட்ட வாங்குப் பலகையில் இருந்து அதைக் குடிப்பேன். பம்பளிமாசு உரித்து ஒவ்வொரு சுளையாகத் தருவாள், அதையும் வாங்கித் தின்பேன். அவள் மீன் பிடிக்கிற ஆளோ, பன்றி வெட்டுகிற ஆளோ, பிணம் தூக்குகிற ஆளோ நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எதிர் அறைக் கதவு திறந்துதான் இருக்கும். அவள் உள்ளே இருந்து கொப்பி வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள். நான் குடிப்பதைக் கண்டிருப்பாள். கண்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் காலை தகப்பன் வந்து வாசலில் நின்றார். வழித்த முகம், வெள்ளை வேட்டி. என் கையில் சீன மனுசியின் கோப்பை இருந்தது.

"பிள்ளை போடுற தேத்தண்ணிக்குச் சீனி காணாதோ?"

"எனக்கு இப்ப பால் ஒத்துக்கொள்ளுதில்லை."

"சீனத்தியின்ர தண்ணி ஒத்துக்கொள்ளுது போல."

"அது மருந்து மாதிரி."

"ஓமோம். மருந்தை ஆர் தந்தாலும் குடிக்கலாம். நான் முப்பத்திரண்டு வருசம் ஸ்டேசனில இருந்தவன். டிக்கட் இல்லாமல் வாறவனைக்கூட முதலில இருத்தித்தான் விசாரிப்பன்."

"விசாரிக்கிறதுக்குத்தானே தந்தி அடிச்சனான்."

"தெரியும். அவள்தான் எழுதினவளாம். சொன்னவள்."

அவர் அந்த இடத்திலேயே தன் வம்சத்தைச் சொல்லியிருந்தால் விசயம் முடிந்திருக்கும். அவரும் வீம்புக்காரர். இப்படிக் கேட்கிறவளுக்குத் தன் வாயால் சொல்லக் கூடாதென்று இருந்துவிட்டார். அன்றிலிருந்து என்னைச் சம்மந்தியம்மா என்று கூப்பிடவில்லை.

மகன் பின்னேரங்களில் வருவான். முதல் இரண்டு நாளும் அவளையும் தகப்பனையும் துறைமுகத்தடிக்குக் கூட்டிப் போனான். படகில் அக்கரை போய் வந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டு படியேறி வந்ததை நான் பார்த்தேன். பிறகு அப்படிப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் அவன் வேலை முடிந்து நேரே என் அறைக்கு வந்தான். கப்பல் எண்ணெய் கையில் போகாமல் இருந்தது. களைத்திருந்தான். நான் கேட்காமலே அவள் எதிர் அறையிலிருந்து ஒரு பேணி தேத்தண்ணி கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கினான். ஊதினான். வாய்க்குக் கிட்டக் கொண்டு போய்விட்டான்.

"தம்பி, பொறு," என்றேன். "ஊரில இருந்து மறுமொழி வரட்டும்."

நான் சத்தமாகச் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பேணிக்குள் பார்த்தான். பிறகு அதை யன்னல் விளிம்பில் வைத்தான்.

"வேலையிடத்தில குடிச்சுப்போட்டன்," என்று அவளுக்குச் சொன்னான்.

நான் முதல் நாள் சொன்ன அதே பொய். அவள், "ஓம்," என்றாள். சிந்தாமல் இரண்டு கையாலும் பேணியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்தெட்டு வயது, எஞ்சினியர், தாய் ஒரு சொல் சொன்னால் கையில் இருப்பதைக் கீழே வைக்கிறான்.

மறுநாள் காலை தேத்தண்ணி வரவில்லை.

எட்டாம் நாள் முற்பகல் சீன மனுசி ஒரு காகித உறையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். தந்தி. மகன் வேலையில். தகப்பன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். உறையைப் பிரித்தேன், உள்ளே இங்கிலிசு. பிறகு எதிர் அறைக்குப் போனேன். அவள் கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, இதை ஒருக்கால் வாசி."

கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசிப்பது மாதிரி ஒரே குரலில் வாசித்தாள்.

"எங்கட ஆக்கள்தான். அம்மாவின்ர பக்கத்துச் சொந்தம். யோசிக்க வேண்டாம். கலியாணத்தை நடத்துங்கோ. விவரம் கடிதத்தில."

கதிரையில் இருந்தேன். என் தாயின் பக்கத்துச் சொந்தம். எனக்கு மருமகள் முறையே வரும்.

"அப்ப என்ன," என்றேன். "ஒரு தேத்தண்ணி போடு பிள்ளை."

"பிளாஸ்கில தண்ணி முடிஞ்சுது மாமி."

பிளாஸ்க் அவள் பக்கத்தில் இருந்தது. மூடியிடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"கோவமோ?"

"உங்களோட எனக்குக் கோவம் இல்லை. நீங்கள் வந்த நாள் துவக்கம் ஒரே மாதிரித்தான் இருந்தனீங்கள். உங்களை விளங்கலாம்." தந்தியை மடித்து என்னிடம் தந்தாள். "அவர் பேணியை வாய் வரைக்கும் கொண்டு போய்க் கீழ வைச்சவர். அவரோட நான் என்னெண்டு இருக்கிறது?"

"அவன் என்ர சொல்லுக்காக வைச்சவன்."

"ஓம். அதைத்தான் சொல்லுறன்."

"ஊருக்கு எப்பிடிப் போவாய்? கலியாணம் எண்டு சொல்லித்தானே வந்தனீ. என்ன முகத்தோட போவாய்?"

"வந்த முகத்தோட."

அப்படி ஒரு பதிலை எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் எழும்பி வந்துவிட்டேன். பின்னேரம் தகப்பன் அவளோடு சண்டை பிடித்தது எங்களுக்குக் கேட்டது. மகன் கதவைத் தட்டி அவளோடு கதைக்கப் பார்த்தான். அவள் நடையில் நின்று ஐந்து நிமிடம் கதைத்தாள். மரியாதையாகத்தான் கதைத்தாள். திரும்பி வந்தவன் என் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். ஒன்பதாம் நாள் காலை அவர்கள் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தகப்பன் ஒரே நாளில் கிழவராகியிருந்தார். அவள் என் வாசலில் நின்று, "போட்டு வாறன் மாமி," என்று சொன்னாள்.

பத்தாம் நாள், தாலி கட்ட வேண்டிய நாள். நான் அறையில் இருந்தேன். அன்றைக்குக் கல்யாணம் என்று சீன மனுசிக்கு நான்தான் முன்பு விரல் மடக்கி எண்ணி, கையால் கழுத்தில் கட்டிக் காட்டியிருந்தேன். முந்தின நாள் அவளுக்கு லீவு, அவர்கள் போனதைக் காணவில்லை. அவள் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, நல்ல காரியத்துக்கென்று சிவப்புச் சாயம் தோய்த்த அவித்த முட்டைகளை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். எதிர் அறையை எட்டிப் பார்த்தாள். வெறும் அறை. என்னைப் பார்த்தாள். நான் ஒரு முட்டையை எடுத்து உரித்துத் தின்றேன்.

நாங்கள் சிட்னிக்குத் திரும்பி ஒரு கிழமையில் தம்பியின் கடிதம் வந்தது. கோயிலின் தெற்குப் பக்கம் நின்ற பழைய தேர்முட்டி நான் அந்த ஊரை விட்ட பிறகு இடிந்து விழுந்துவிட்டதாம். புதியதை வடக்குப் பக்கம் கட்டினார்களாம். இப்போது தேர்முட்டிக்குப் பின்னால் என்றால் அது என் அம்மம்மாவின் வளவு இருந்த ஒழுங்கை. இதைக்கூடவா அக்கா தெரியாமல் இருந்தாய் என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை நான் கிழித்தேன்.

இதுவரை எழுதியதற்கு எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. என்னைப் போல அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினார்கள். இடம் மாறி விளங்கிக்கொண்டதும் ஒரு பிழை, அவ்வளவுதான். இனி எழுதுவதுதான் என்னுடையது.

தரகரிடமிருந்து கடிதம் வந்தது. பெண் ஏன் திரும்பி வந்தாள், ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், பெண் பக்கத்தார் வாய் திறக்கிறார்கள் இல்லை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். நான் ஹோம்புஷ் வீட்டுக் குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்து யோசித்தேன். உண்மையைச் சொன்னால், என் மகனை ஒரு பெட்டை வேண்டாம் என்று சொல்லிப் போனாள் என்று ஊர் சிரிக்கும். என் தாயின் சொந்தத்தையே நான் இன்னார் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன் என்று இன்னும் கூடச் சிரிக்கும். ரயில் போய் முடியும்வரை பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் கையாலேயே எழுதினேன். பெட்டைக்கு வலிப்பு இருக்கிறது, ஹோட்டலில் இரண்டு தரம் விழுந்ததை என் கண்ணால் கண்டேன், மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தார்கள் என்று எழுதினேன். கோபத்தில் எழுதவில்லை. நிதானமாக, ஒரு எழுத்துக்குப் பின் ஒரு எழுத்தாக எழுதினேன். ஒட்டி, வேலைக்குப் போகும் மகனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கொண்டு போய்ப் போட்டான்.

அவன் இரண்டு வருடம் கழித்து மெல்பேர்னுக்கு வேலை மாறிப் போனான். அங்கே கூட வேலை செய்த ஒருத்தியை எழுத்து எழுதி முடித்துவிட்டு டெலிபோனில் சொன்னான். அவள் எந்த நாட்டுக்காரி என்று கேட்டேன். "அதை விசாரிக்கிறதுக்கு முதலே செய்துபோட்டன் அம்மா," என்றான்.

பிறகு சண்டைக் காலத்தில் ஊரிலிருந்து நிறைய ஆக்கள் சிட்னிக்கு வந்தார்கள். கோயிலில் ஒரு மனுசியைக் கண்டேன், அந்த ஊர்க்காரி. சும்மா கேட்பது மாதிரி அந்த ரீச்சரைப் பற்றிக் கேட்டேன்.

"ஐயோ, அந்த வலிப்பு ரீச்சரோ? எனக்கும் படிப்பிச்சவ. நல்ல மனுசி. பாவம், கலியாணம் ஒண்டும் சரிவரேல்லை. ரண்டு இடம் வந்து, வருத்தத்தைக் கேள்விப்பட்டுப் போட்டுதுகள்."

"நீ விழுந்ததைக் கண்டனியோ?"

"இல்லை அன்ரி. நாங்கள் ஒருத்தரும் காணேல்லை. எண்டாலும் வகுப்பில பயந்து பாத்துக்கொண்டுதான் இருப்பம், இண்டைக்கு விழுவாவோ எண்டு. பிறகு சின்னப் பிள்ளையளின்ர வகுப்பை அவவுக்குக் குடுக்க வேண்டாம் எண்டு தாய் தகப்பன்மார் போய்ச் சொல்லிப்போட்டினம்."

ரீச்சரின் தகப்பன் ஹொங்கொங்குக்கு அடுத்த வருடமே செத்துப்போனாராம். நான் அந்த மனுசியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கும் இருபத்தைந்து வருடமாகிறது.

போன மாதம் அதே ஊர்ச் சங்கத்துக்காரர் ஒரு நினைவு மலர் அச்சடிப்பதாகவும், மூத்தவர்கள் ஊர் நினைவுகளை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டு வந்தார்கள். மலர் ஊருக்கும் போகும், பள்ளிக்கூடத்துக்கும் போகும் என்றார்கள். ரீச்சர் இருக்கிறாவோ என்று கேட்டேன். இருக்கிறா, தனியத்தான் இருக்கிறா என்றார்கள். என் மகள், அம்மா, தேரைப் பற்றி எழுதுங்கோவன் என்றாள். ஆகவே இதை எழுதினேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அவள் தர மாட்டாள், எனக்கும் கேட்டுப் பழக்கமில்லை. அந்த ஊர் ஆக்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு இருக்கவில்லை. ஒரு நோய் வருத்தமும் இருக்கவில்லை. ஹொங்கொங்கில் அவள் ஒரு தரமும் விழவில்லை. அவளை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, எங்களை வேண்டாம் என்று அவள் சொன்னாள். வலிப்பென்று எழுதியது நான், என் கையால், தெரிந்துகொண்டு.

பேர்த்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது.

"பிள்ளை, இஞ்சை வா. இதை முதலில இருந்து வாசி. மாத்தாமல், நான் எழுதின மாதிரியே வாசி. சத்தமா வாசி, குசினிக்குள்ள நிக்கிற உன்ர அம்மாவுக்கும் கேக்கோணும்."